எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பேசிக்கொண்டிருந்தபோது

நடந்தவை, வரிசைப்படி:

1. நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவிலிருந்து மாணவர் விவரங்கள் அடங்கிய ஃபைல் ஒன்று வெளியே போனது. ஒரு மாணவர் அதை ஏதோ ஒரு மெசேஜ் குழுவில் பார்த்துவிட்டு எங்களுக்குத் தகவல் சொன்னார்.
2. சர்வரை நெட்வொர்க்கிலிருந்து பிரித்தோம்.
3. விசாரணைக் கமிட்டி அமைந்தது.
4. கமிட்டியின் அறிக்கை வரும்வரை மாணவர்களிடம் இதைப் பற்றி ஊழியர்கள் யாரும் பேசக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது.
5. குறை விண்டோஸிலா, லினக்ஸிலா என்று கமிட்டி விவாதிக்கத் தொடங்கியது.
6. வெளியே போன ஃபைலில் இசக்கியம்மாள் என்ற மாணவியின் வீட்டுக்குப் போகும் வழி இருந்தது. அந்த வழி யாருக்குத் தெரியவே கூடாது என்பதும் அதே வரியில் இருந்தது.

ஐந்தாவது விஷயம்தான் எங்கள் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது. நான் எழுத உட்கார்ந்தது ஆறாவது விஷயத்துக்காக.

மும்பையில் கல்லூரி, பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் பிரிவுகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். வழக்கமாக ஓய்வுபெற்றவர்கள் எழுதுவது. எனக்கு அந்த வயதாகவில்லை. அந்த வேலையில் இப்போது இல்லை, அவ்வளவுதான். உங்களில் பலர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று தெரியும். பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டாலும் சரி. சர்வரை எப்படிப் பிரிப்பது, லாக்குகளை, அதாவது சர்வரின் பதிவுகளை, எப்படிப் பத்திரப்படுத்துவது என்பதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் சர்வர் லினக்ஸில் ஓடியது. அதை நிறுவியவர் எங்கள் பிரிவின் தலைவர், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஒருமுறைகூட நிறுத்தாமல் அந்த சர்வரை ஓட்டிவந்ததில் அவருக்குப் பெருமை உண்டு. மாணவர்கள் வந்து நிற்கும் கவுண்டர்களில் இருந்தவை விண்டோஸ் கம்ப்யூட்டர்கள். அவை நிர்வாகப் பிரிவைச் சேர்ந்த சாவந்த் சாரின் பொறுப்பு. கமிட்டியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். லாக்குகளை எடுத்துத் தருவதற்காக நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். பேச்சு இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. நினைவிருக்கிறபடி தமிழில் தருகிறேன்.

"உங்க கவுண்டர்ல இருக்கிற விண்டோஸுக்கு அப்டேட் வர்றதே நின்னுபோச்சு. அதுல ஆளாளுக்கு பென் டிரைவ் சொருகுறாங்க. அதை விட்டுட்டு என் சர்வரைச் சந்தேகப்படுறீங்க" என்றார் தலைவர்.

"அரே சாப், உங்க சர்வரை நிறுத்தி வருஷக்கணக்காச்சுன்னு நீங்களே எல்லார்கிட்டயும் சொல்வீங்க. நிறுத்தாம எப்படி பேட்ச் போட்டீங்க? ஆரத்தி காட்டியா?" என்றார் சாவந்த்.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "நிறுத்த அனுமதி கேட்டு எத்தனை தடவை எழுதினேன்? அட்மிஷன் நடக்குது, ரிசல்ட் வருது, இப்ப வேண்டாம்னு சொன்னது யாரு?"

வெளியிலிருந்து அழைத்திருந்த நிபுணர் வீடியோவில் வந்தார். இரண்டு சிஸ்டமுமே வேண்டாம், மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்றார். அடுத்த கூட்டம் முழுக்க அந்த மூன்றாவதைப் பற்றி ஓடியது.

இருவர் சொன்னதும் உண்மை. கவுண்டர் கம்ப்யூட்டர்கள் பழையவை. சர்வர் பேட்ச் என்னும் பாதுகாப்புத் திருத்தம் காணாதது. இரண்டையும் சரிசெய்தே ஆக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் லாக் காட்டியது வேறு. ஃபைல் ஒரு கவுண்டர் லாகின் வழியாக, சரியான பாஸ்வேர்டு கொடுத்து, 'எக்ஸ்போர்ட்' பொத்தானை அழுத்தி இறக்கப்பட்டிருந்தது. கவுண்டரில் எல்லோருக்கும் ஒரே லாகின்தான். ஒருவர் ரயிலைப் பிடிக்க எழுந்து ஓடினால் அடுத்தவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து வரிசையைத் தொடர வேண்டும். அம்பர்நாத்திலிருந்து அரைநாள் லீவு போட்டு வந்து நிற்கும் தொழிலாளியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதை எடுத்துக்கொண்டு போனது யார், எப்படி என்பது இன்றுவரை தெரியவில்லை.

இதைக் கமிட்டியில் சொன்னேன்.

"அது அப்ளிகேஷன் பிரச்சினை. இப்ப நாம பேசுறது ஆபரேட்டிங் சிஸ்டம்" என்றார் தலைவர். அந்த ஒரு விஷயத்தில் சாவந்தும் தலையாட்டினார்.

ஏன் என்று பிறகு யோசித்தேன். விண்டோஸையோ லினக்ஸையோ எழுதியவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. அதைத் திட்டினால் எதிரே இருப்பவருக்கு வலிக்கும், ஆனால் யாருடைய கையெழுத்தும் மாட்டாது. கவுண்டர் லாகினைப் பற்றிப் பேசினால் அதற்கு அனுமதி கொடுத்தவர்கள், கண்டும் பேசாமல் இருந்தவர்கள் என்று மேஜையைச் சுற்றியிருந்த எல்லோரும் வருவார்கள். நீங்களும் இப்படிப்பட்ட கூட்டங்களில் உட்காருவீர்கள். சண்டை ரொம்பக் கூர்மையாகவும் ரொம்பத் தொழில்நுட்பமாகவும் நடக்கும்போது, அதில் பேசப்படாமல் இருப்பது எது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் அப்படித்தான் எழுதினேன்.

கமிட்டி என்னிடம் கேட்டது ஒரு சின்ன வேலை. வெளியே போன ஃபைலில் என்னென்ன கட்டங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் எவ்வளவு ஆபத்து என்று வரிசைப்படுத்த வேண்டும். ஆதார் எண், அதிக ஆபத்து. போன் எண், அதிக ஆபத்து. மதிப்பெண், நடுத்தரம். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்.

"அது வெறும் குப்பை. என்னவோ எழுத்தெல்லாம் கலந்து கிடக்கு. குறைந்த ஆபத்துன்னு போடு" என்றார் தலைவர்.

குப்பை போலத்தான் தெரியும். கவுண்டரில் இருந்தவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். சாவந்துக்கோ நிபுணருக்கோ அது புரிய வழியில்லை. தலைவருக்குப் புரிந்திருக்கும், அவர் திறந்து பார்த்ததில்லை. நான் வாசிக்கத் தொடங்கினேன்.

பாடப் புத்தகங்கள் பார்சலில் போகும். தாராவியிலும் சுனாபட்டியிலும் வீட்டு எண்ணை மட்டும் எழுதினால் பார்சல் திரும்பி வந்துவிடும். புத்தகம் வராத மாணவர் தேர்வில் தோற்பார். அதனால் கவுண்டர் பெண்கள் ஒவ்வொருவரிடமும் வழி கேட்டு அந்தக் கட்டத்தில் எழுதிவைத்தார்கள். 'இட்லி மாவுக் கடை சந்து, மேல் மாடி, பகலில் ஆள் இருக்காது, கீழ் வீட்டில் கொடுக்கவும்.' 'ஷிப்ட் மாறும், ஞாயிறு மட்டும் வரவும்.' போகப்போக வழியோடு வேறு விஷயங்களும் சேர்ந்திருந்தன. 'படிப்பது மாமியாருக்குத் தெரியாது, வீட்டுக்குப் போன் செய்யக்கூடாது.' 'வலிப்பு வரும், வரிசையில் நிற்க வைக்க வேண்டாம்.'

இசக்கியம்மாளின் வரி இப்படி இருந்தது: 'சுனாபட்டி, அம்மன் கோயில் பின்பக்கச் சந்து, தண்ணித் தொட்டி தாண்டி இடதுபக்கம் இரும்பு ஏணி, மேல் கோலி, பச்சைக் கதவு. ஆறு மணிக்கு மேல் இருப்பார். புருஷன் இருப்பது அம்பர்நாத்தில். அடித்து விரட்டியவர். அவர் ஆள் வந்து கேட்டால் அட்ரஸ் சொல்லக்கூடாது.' கோலி என்றால் ஒற்றை அறை வீடு, உங்களுக்குத் தெரியும்.

அதை எழுதியது ஜைனப் அக்கா. கடையநல்லூர்ப் பக்கத்துக் குடும்பம், தாராவியில் வீடு. கவுண்டரில் மூத்தவர். சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நாந்தான் எழுதுனேன். அதுக்கென்ன?" என்றார்.

"எதுக்கு அக்கா கடைசி வரியும் எழுதினீங்க?"

"நான் லீவு போட்டா அடுத்து உக்காருதவளுக்குத் தெரியணும்லா? போன வருசம் அந்தாளு வந்து நின்னான். 'எம் பொண்டாட்டி இங்கதான் படிக்கா, அட்ரஸ் மாறிட்டு, புதுசு குடுங்க'ன்னு அவ்வளவு மரியாதையாக் கேட்டான். நான் இருந்தேன், வெரட்டிட்டேன். நான் இல்லாத அன்னைக்கு வந்திருந்தா?"

"அந்தக் கட்டமும் வெளிய போயிடுச்சு அக்கா."

ஜைனப் அக்கா டப்பாவை மூடினார். பாதிச் சாப்பாடு அதில் இருந்தது. "எழுதுனது முழுசுமா?"

"முழுசும்."

அன்று பிற்பகல் தலைவரின் அறைக்குப் போனேன். ஒரே ஒருவருக்காவது தகவல் சொல்ல அனுமதி கேட்டேன்.

"ஏம்மா கல்பனா, ஒருத்தருக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லியாகணும். எல்லாருக்கும் சொன்னா நாளைக்கே பேப்பர்ல வரும். காரணம் என்னன்னு கேப்பா. நம்மகிட்ட என்ன பதில் இருக்கு, சொல்லு?"

"காரணம் தெரியலைன்னே சொல்லலாம் சார். அவங்க வீட்டுக் கதவு என்ன கலர்னுகூட அதுல இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கெட்டவர் அல்ல. "எனக்குப் புரியறதும்மா. கமிட்டி முடியட்டும். எந்த சிஸ்டம்னு ஒரு முடிவு வந்துட்டா அப்புறம் எல்லாம் வேகமா நடக்கும்."

முடிவு எப்போது வரும் என்று கேட்டேன். நிபுணருக்கு அடுத்த வாரம்தான் நேரம் இருக்கிறது என்றார்.

வெளியே ஜைனப் அக்கா நின்றிருந்தார். "என்ன சொன்னாவ?"

"அடுத்த வாரம்."

"சரி, இன்னைக்கே போவோம். ஆனா பேசப்போறது நீதான். நான் பேசி என் வேலை போச்சுன்னா இந்த வயசுல எவன் குடுப்பான்? நீ கம்ப்யூட்டர் படிச்சவ, வேற எங்கயாவது ஒட்டிக்கிடுவ."

"நல்லாயிருக்கே அக்கா, என் வேலை போனா பரவாயில்லையா?"

"பரவாயில்ல புள்ள. உனக்கு நான் துவா செய்யுதேன்."

சிரித்துக்கொண்டுதான் கிளம்பினோம். சயனில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தோம். போனில் கூப்பிடாததற்குக் காரணம், பதிவில் இருந்த எண் பக்கத்து வீட்டுக்காரருடையது. சுனாபட்டியில் இறங்கியதும் அம்மன் கோயில் தெரிந்தது. பின்பக்கச் சந்து. தண்ணித் தொட்டி. இடதுபக்கம் இரும்பு ஏணி. ஜைனப் அக்கா அதற்கு முன் அங்கே வந்ததில்லை, நானும்தான். யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பச்சைக் கதவின் முன் நின்றபோது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினார்.

இசக்கியம்மாளுக்கு முப்பதைத் தாண்டிய வயது, பள்ளிக்குப் போகும் மகள் ஒருத்தி. செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை. பட்டம் வாங்கிவிட்டால் அங்கேயே ரிசப்ஷனில் உட்கார வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

"யக்கா, நீங்களா? வாங்க, வாங்க. புஸ்தகம் வந்துட்டா?"

"புஸ்தகம் இல்லட்டி. இந்தப் புள்ள ஒன்னு சொல்லணும்ங்குது. உக்காரு."

நான் எங்கள் சர்வரிலிருந்து தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கு வெளங்காது மேடம். என் அட்ரஸ் அவன் கைக்குப் போயிட்டா, இல்லியா?"

"தெரியாது. போயிருக்கலாம்."

"எப்ப?"

"முந்தின வாரம் வெளிய போயிருக்கு."

"முந்துன வாரம்." அவர் தரையில் உட்கார்ந்தார். "ஞாயித்துக்கெழம கோயில் பக்கம் ஒருத்தன் நின்னான். அவன் சித்தப்பா மவன் சாடையில இருந்தான். நம்ம பயம்தான் நம்மள இப்படி ஆட்டுதுன்னு நெனச்சு என்னையே திட்டிக்கிட்டேன். நீங்க இன்னைக்கு வந்து சொல்லுதிய."

போலீஸில் சொல்லலாமா என்று கேட்டேன்.

"முன்னாடியே போனேன் மேடம். புருஷன் பொண்டாட்டி சண்டை, கர் ஜாவோ, வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாவ." பிறகு ஜைனப் அக்கா பக்கம் திரும்பினார். "சந்து முனைக் கடை அட்ரஸ் போதும்னு நான் சொன்னம்லாக்கா? நீங்கதான் கேக்கல. வீட்டு வழி சொல்லு, வீட்டு வழி சொல்லுன்னீய."

"ரெண்டு தடவ புஸ்தகம் திரும்பி வந்துட்டேட்டி. பெயிலாயிருவியேன்னு..."

"பெயிலானா அடுத்த வருசம் எழுதலாம்க்கா."

கீழே யாரோ குழாயைத் திறந்து குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது. இசக்கியம்மாள் எழுந்து கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"பரீட்சைக்கு வரலாம்லா மேடம்? அங்கன கூட்டமாத்தான இருக்கும்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். "தேர்வு மையத்தோட பேரும் அதே ஃபைல்ல இருக்கு. தேதி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

அவர் கொடியில் காய்ந்த மகளின் யூனிபார்மை எடுத்து மடிக்கத் தொடங்கினார். நாங்கள் கிளம்பும்போது எங்கே போகப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. ஜைனப் அக்கா கேட்க வாயெடுத்தார். "சொல்ல மாட்டேன்க்கா" என்றார் இசக்கியம்மாள். கோபமாகச் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை நானே தலைவரிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தேர்வு மையத்தை மாற்ற அவருடைய கையெழுத்து வேண்டும்.

"எங்கிட்ட ஏம்மா சொன்னே? இப்போ நான் எழுதியாகணுமே" என்றார். இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்: எனக்கு விளக்கம் கேட்கும் கடிதத்திலும், மைய மாற்றத்துக்கான பரிந்துரையிலும். முதலாவது அன்றே என் மேஜைக்கு வந்தது. இரண்டாவது தேர்வுப் பிரிவுக்குப் போய் நின்றது. மாற்றத்துக்கான காரணத்தை மாணவர் எழுத்தில் தர வேண்டும், புதிய முகவரிக்கு ஆதாரம் இணைக்க வேண்டும் என்றார்கள். விதி அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் இசக்கியம்மாள் வேறு யாருடைய போனிலிருந்தோ ஜைனப் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா விதியைச் சொன்னார்.

"இன்னொரு தடவை எழுதிக் குடுக்கணுமா? உங்க ஆபீசுக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம்.

இதிலிருந்து உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லக்கூடியது குறைவு. எந்த வழியாகத் தகவல் போனது என்பது தெரிய நேரம் ஆகும். சில சமயம் தெரியவே தெரியாது. யாருடைய தகவல் போனது என்பது முதல் நாளே தெரியும். முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை இரண்டாவதைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். சொல்பவர்கள் நல்லவர்களாகவும் இருப்பார்கள், காரணங்களும் வைத்திருப்பார்கள். அப்போது உங்கள் கையில் இருக்கும் ஃபைலை, உங்களுக்குப் புரிகிற மொழியில், உட்கார்ந்து வாசியுங்கள். ஆபத்தின் அளவைக் கட்டத்தின் தலைப்பைப் பார்த்துப் போடாதீர்கள். நான் சீக்கிரம் சொல்லியிருந்தாலும் அவர் வீட்டைக் காலிசெய்துதான் இருப்பார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் பக்கம் நின்றவனைப் பார்த்தபோது, தன்னைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

இப்போதைய நிலையைச் சொல்லிவிடுகிறேன்.

கமிட்டி அறிக்கை கொடுத்துவிட்டது. இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்களையும் புதுப்பிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது, புதுப்பித்தார்கள். கவுண்டர்களில் புதிய விண்டோஸ் ஓடுகிறது. சர்வரை மாதம் ஒருமுறை நிறுத்திப் பேட்ச் போடத் தலைவருக்கு அனுமதி கிடைத்தது. இவை நல்ல மாற்றங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுத்தார்கள். ரயில் நேரத்தில் வரிசை நகராமல் நின்றுவிடுகிறது, சிலர் திரும்பிப் போகிறார்கள். ஜைனப் அக்கா இப்போது எதையும் எழுதுவதில்லை, மனதில் வைத்துக்கொள்கிறார். அவர் லீவு போடும் நாளில் அடுத்து உட்காருபவருக்கு ஒன்றும் தெரியாது. புத்தகப் பார்சல்கள் மறுபடியும் திரும்பி வருகின்றன.

என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அக்கா சொன்னதுபோல வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டேன். நெருளில் ஒரு கிடங்கின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இசக்கியம்மாள் இரண்டாம் ஆண்டுத் தேர்வு எழுதவில்லை. நர்சிங் ஹோம் வேலையையும் விட்டுவிட்டார். அவர் இப்போது சுனாபட்டியில் இல்லை என்பதால்தான் அந்த இடத்தின் பெயரை எழுதினேன்.

வெளியே போன ஃபைலைத் திரும்ப வாங்க முடியாது. அதில் 'குறிப்பு' கட்டத்தை நான் பாதிவரைதான் வாசித்திருந்தேன். விளக்கக் கடிதம் வந்த அன்றே அந்த ஃபைலைத் திறக்கும் அனுமதியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மீதியை யாரும் வாசிக்கவில்லை. மாணவர்களுக்கு இதுவரை எந்த அறிவிப்பும் போகவில்லை.